இன்ஜின் சீறுகிறது, படகு போக மறுக்கிறது: 9.9 அவுட்போர்டில் புரொப்பெல்லர் கோளாறு

பாக்விரிகுடா_ஃபைபர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாக் விரிகுடாவில் 26 அடி ஃபைபர் படகில் வலைத்தொழில் செய்கிறோம். இன்ஜின் 9.9 குதிரைசக்தி கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் வகை. மூன்று இதழ்கள் உள்ள அலுமினியப் புரொப்பெல்லர் பொருத்தியிருக்கிறோம். அதன் மேல் 9 1/4 x 9 என்று அளவு பொறிக்கப்பட்டிருக்கிறது.

வாடைக்காற்றில் கரை திரும்பும்போது, நீருக்குள் மறைந்திருந்த மணல்திட்டில் இன்ஜினின் கீழ்ப்பகுதி ஒருமுறை இடித்தது. அதற்குப் பிறகு மெதுவாக ஓட்டும் வரையில் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் கைப்பிடியைப் பாதிக்கு மேல் திருகினால் இன்ஜினின் சத்தம் திடீரென்று உச்சத்துக்கு ஏறுகிறது, படகின் வேகமோ கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. கைப்பிடியைத் தளர்த்திச் சிறிது நேரம் விட்டால் மறுபடியும் பிடித்துக்கொண்டு இழுக்கிறது. இதழ்களில் ஒன்றின் நுனி சற்று வளைந்திருக்கிறது, மற்ற இரண்டின் விளிம்பிலும் சிறு பிசிறுகள் உள்ளன.

கரையில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். புரொப்பெல்லரை மாற்றச் சொல்கிறார் ஒருவர், கியர் தேய்ந்துவிட்டது என்கிறார் இன்னொருவர், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும் என்கிறார் மூன்றாமவர். மூன்றையும் செய்து பார்க்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. எதை முதலில் சோதிக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

---

நாகை_பட்டறை எழுதியது:

தம்பி, நீங்கள் குறையை விவரித்த விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. படகு வேகம் இழக்கும்போது இன்ஜினின் சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எரிபொருள் போதாமல் போனாலோ, கார்புரேட்டர் அடைத்தாலோ, ஸ்பார்க் பிளக் ஒன்று வேலை செய்யாமல் நின்றாலோ சத்தமும் வேகமும் சேர்ந்தே இறங்கும். சத்தம் ஏறி வேகம் இறங்கினால், இன்ஜினில் சக்தி இருக்கிறது, அது தண்ணீரைத் தள்ளும் வேலைக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஆகவே கார்புரேட்டரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இன்ஜினிலிருந்து தண்ணீருக்குப் போகும் வழியில் சக்தி நழுவக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது புரொப்பெல்லரின் நடுவே உள்ள ரப்பர் புஷ். 9.9 அளவு இன்ஜின்களில் தண்டின் ஸ்ப்ளைன் பற்கள் (நீளவாக்கில் வெட்டிய வரிப்பற்கள்) கவ்விப் பிடிப்பது புரொப்பெல்லரின் வெளி உடலை அல்ல, உள்ளே இருக்கும் சிறிய உலோகக் குழாயைத்தான். அந்தக் குழாய்க்கும் வெளி உடலுக்கும் இடையே ரப்பர் மிக இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டிருக்கிறது. பாறையிலோ மணலிலோ இடிக்கும்போது அந்த ரப்பர் வழுக்கிக் கொடுத்து, அதிர்ச்சி கியருக்குப் போகாமல் தடுக்கிறது. ஒருமுறை நன்றாக வழுக்கிவிட்டால் அதன் பிடிப்பு குறைந்துவிடும். குறைந்த சுமையில் பிடிக்கும், சுமை ஏறியதும் நழுவும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதனோடு மிகவும் பொருந்துகின்றன.

இரண்டாவது கியர் பெட்டிக்குள் உள்ள நாய்க்கிளட்ச், அதாவது முனைகள் ஒன்றோடொன்று மாட்டிக் கியரைத் தண்டோடு இணைக்கும் பகுதி. அதன் முனைகள் தேய்ந்து உருண்டுவிட்டால் சுமையில் கியர் விலகி விலகி விழும். அப்போது கடகடவென்று அடிக்கும் சத்தம் கேட்கும், கைப்பிடியிலும் அடி உணரப்படும். ரப்பர் நழுவும்போது இப்படி உலோகச் சத்தம் வராது. இன்ஜின் வெறுமனே சீறும். உங்களுக்கு அடி கேட்டதா என்பதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, புரொப்பெல்லர் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைப் பிடிப்பது. இது பெரும்பாலும் திரும்பும்போதும், அலை பின்பக்கத்தைத் தூக்கும்போதும் வரும். அமைதியான தண்ணீரில் நேராகப் போகும்போது ஒவ்வொரு முறையும் கைப்பிடியின் ஒரே நிலையில் நழுவினால், காற்றைவிட ரப்பரையே நான் சந்தேகிப்பேன்.

உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. முதலில் இன்ஜினை நிறுத்தி, அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பை எடுத்துவிட்டு, இரண்டு ஸ்பார்க் பிளக் மூடிகளையும் கழற்றிவிடுங்கள். கியரில் இருக்கும் இன்ஜினின் புரொப்பெல்லரைக் கையால் சுற்றினாலே அது உயிர்பெற்றுவிடக்கூடும் என்பதால், இந்த ஒரு நிமிட வேலையை யாரும் தவிர்க்கக் கூடாது. பிறகு ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர் ஆகியவற்றை எடுத்துவிட்டுப் புரொப்பெல்லரைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். நடுக்குழாயின் முகத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி உடல் வரை, ஒரே நேர்கோடாகப் பெயின்டால் கோடு போடுங்கள். அது காய்ந்ததும் மறுபடி பூட்டி, கடலில் வழக்கமான சுமையோடு அந்தக் கோளாறு வரும் வரை ஓட்டிவிட்டு, திரும்பி வந்து கழற்றிப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரப்பர் போய்விட்டது. கோடு நேராகவே இருந்தால் புரொப்பெல்லரின் மேல் பழி போடாமல் அடுத்த காரணத்தைத் தேடலாம்.

---

மன்னார்க்கரை எழுதியது:

மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பக்கமும் இதே வகை இன்ஜின்களைத்தான் பாவிக்கின்றோம். கோடு போடுவதற்காகப் புரொப்பெல்லரைக் கழற்றும்போது, அதற்கு முன்னால் தண்டில் இருக்கும் வளையத்தையும் எடுத்து, அதன் பின்னே தங்கூசி (வலையின் நைலான் நரம்பு) சுற்றியிருக்கின்றதா என்று அவசியம் பாருங்கள். அறுந்த தங்கூசி நூல் வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியாது. உள்ளே போய்த் தண்டில் இறுகி, சூட்டில் உருகி, கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் எண்ணெய் சீலின் உதட்டை மெல்ல மெல்ல அறுத்துவிடும். படகு ஓடுவதில் நெடுநாள் எந்த வேறுபாடும் தெரியாது என்பதால், இதைக் கவனிக்கும் வேளையில் கியர் துருப்பிடித்திருக்கும்.

ஆகவே கையோடு கீழேயுள்ள எண்ணெய்த் திருகாணியையும் சற்றுத் தளர்த்தி, சில துளி எண்ணெயை விரலில் எடுத்துப் பாருங்கள். இன்ஜின் இரவு முழுதும் அசையாமல் நின்ற பின், காலையில் பார்ப்பது நல்லது. தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி, முதலில் அதுவே வரும்.

---

பாக்விரிகுடா_ஃபைபர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கடகட என்ற அடி எதுவும் கேட்கவில்லை. சொன்னபடியே கோடு போட்டு ஓட்டிவிட்டு வந்து பார்த்தோம். வெளி உடலில் உள்ள கோடு, நடுக்குழாயில் உள்ள கோட்டிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு சுற்று விலகி நிற்கிறது. ரப்பரின் ஓரத்தில் கருகிய பொடியும் உதிர்ந்திருக்கிறது.

மன்னார் நண்பர் சொன்னது போலவே வளையத்துக்குப் பின்னால் தங்கூசி இறுகிக் கிடந்தது. எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் வந்தது. ஆக, ஒரு கோளாறைத் தேடப்போய் இரண்டைக் கண்டுபிடித்திருக்கிறோம். இந்த நிலையில் இன்ஜினை ஓட்டலாமா, புதிய புரொப்பெல்லர் வாங்குவதா, பழையதையே சரிசெய்வதா என்பதைச் சொல்லுங்கள்.

---

துறைமுக_நண்பன் எழுதியது:

புதிய புரொப்பெல்லர் தேவையில்லை என்பது என் கருத்து. எங்கள் துறையில் ரப்பர் நழுவிய புரொப்பெல்லருக்கு வெளி உடலிலிருந்து நடுக்குழாய் வரை மூன்று இடத்தில் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நழுவுவது என்ற பேச்சே இல்லை. செலவும் மிகக் குறைவு, அரை நாளில் கடலுக்குப் போய்விடலாம். தொழிலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் நட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது.

---

நாகை_பட்டறை எழுதியது:

நண்பர் சொல்லும் முறை பல துறைகளில் நடக்கிறது என்பதும், ஒரு நாள் தொழிலின் அருமையும் எனக்குத் தெரியும். ஆனாலும் நிரந்தரத் தீர்வாக இதை நான் யாருக்கும் செய்துகொடுப்பதில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடிக்கும் கணத்தில் புரொப்பெல்லர் நின்றுவிடுகிறது, ஆனால் இன்ஜினின் பளு மிகுந்த சுழல்சக்கரமான ஃப்ளைவீல் அதே வேகத்தில் சுற்றத்தான் பார்க்கும். அந்த இரண்டுக்கும் இடையில் எங்காவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ரப்பர் விட்டுக்கொடுத்தால் ஒரு புஷ் போகும். போல்ட் போட்டு அதைக் கட்டிப்போட்டால் அடுத்த பலவீனமான இடம் கியரின் பற்கள், அல்லது நாய்க்கிளட்ச், அல்லது புரொப்பெல்லர் தண்டு. தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தால்கூட அது சுற்றும்போது சீலின் உதடு ஒரு பக்கம் திறந்து திறந்து மூடும், புதிதாகப் போட்ட சீலும் நிற்காது. ஒரு புஷ்ஷின் செலவை மிச்சம் பிடிக்கப்போய், கியர் பெட்டியை முழுதாகப் பிரிக்கும் நிலைக்கு வந்தவர்கள் என் பட்டறைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மேலும் மூன்று துளைகளும் மையத்திலிருந்து சரிசமமான தூரத்தில் அமையாவிட்டால் புரொப்பெல்லரின் சமநிலை கெட்டு அதிர்வு தொடங்கும்.

பாக் விரிகுடா போன்ற ஆழம் குறைந்த, திட்டுகள் இடம் மாறும் கடலில் மீண்டும் இடிக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அங்கேதான் அந்த ரப்பர் மிகவும் தேவை.

பழையதைச் சரிசெய்யலாம். இதழ்களில் விரிசல் இல்லையென்றால் புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் பட்டறையில் பழைய ரப்பரை அழுத்தி வெளியேற்றி, துளையின் உட்சுவரைச் சுத்தமாக்கி, புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி அழுத்தி ஏற்ற வேண்டும். எண்ணெயோ கிரீஸோ தடவி ஏற்றினால் எளிதாக உள்ளே போகும், ஆனால் அதே எளிமையோடு கடலில் நழுவும். சோப்புத் தண்ணீர் என்றால் காய்ந்துவிடும். ஒரு நாளாவது காயவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதை அனுமதிக்காதீர்கள், நடுக்குழாய் கோணலாக உட்கார்ந்துவிடும்.

எண்ணெயில் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினை ஓட்ட வேண்டாம். உப்புத் தண்ணீரோடு நிற்கும் ஒவ்வொரு இரவும் பேரிங்குகளைத் தின்கிறது. உடனே தொழிலுக்குப் போக வழி இல்லையென்றாலும், குறைந்தபட்சம் அந்த எண்ணெயை இன்றே வடித்துவிட்டுப் புதிய எண்ணெயை நிரப்பி வையுங்கள்.

---

துறைமுக_நண்பன் எழுதியது:

ஐயாவின் விளக்கம் நியாயமாக இருக்கிறது. ஆனால் கரையிலிருந்து வெகு தொலைவில், காற்று ஏறும் நேரத்தில் ரப்பர் முழுதாக விட்டுவிட்டால் என்ன செய்வது? அந்த நிலையில் போல்ட்தானே கரை சேர்க்கும்?

---

நாகை_பட்டறை எழுதியது:

கரை சேர்வதற்காக என்றால் எதுவும் தவறில்லை, உயிர்தான் முதலில். ஆனால் அனுபவத்தில், நழுவத் தொடங்கிய ரப்பர் மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் இழுத்துக்கொடுக்கும். சத்தம் ஏறத் தொடங்கும் இடத்துக்குக் கீழேயே கைப்பிடியை வைத்து, பொறுமையாக வர வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் உரசலில் ரப்பர் சூடாகி, மீதியிருக்கும் பிடிப்பும் போய்விடும். அலை நடுவே இன்ஜின் மாட்டிய பின்பலகைக்கு வெளியே குனிந்து துளையிடுவதைவிட, படகில் ஒரு மாற்றுப் புரொப்பெல்லரை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பழைய, தேய்ந்த புரொப்பெல்லர்கூட அதற்குப் போதும்.

---

பழவேற்காடு_ஏரி எழுதியது:

இதே இழையில் ஒரு துணைக்கேள்வி கேட்க அனுமதிக்க வேண்டும். ஏரியில் ஓட்டும் சிறு படகில் 2.5 குதிரைசக்தி இன்ஜின் வைத்திருக்கிறோம். தண்ணீர் பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது. அதில் ரப்பர் புஷ் இல்லை, தண்டில் குறுக்கே ஒரு சிறு பின் மட்டும் இருக்கிறது. அது அடிக்கடி அறுந்துபோகிறது. அதற்குப் பதிலாக ஆணியைத் தண்டின் விட்டத்துக்கு வெட்டிப் போடலாமா?

---

மன்னார்க்கரை எழுதியது:

அந்தப் பின் செய்வதும் ரப்பர் செய்யும் அதே வேலைதான். இடித்தால் அறுந்துபோவதற்கென்றே அது மென்மையாகச் செய்யப்பட்டிருக்கின்றது. ஆணியின் எஃகு வேறு கடினம் உடையது. அது அறுபடாமல் நின்றால் அடி முழுதும் அந்தச் சிறு கியருக்குப் போகும். இன்னொரு தொல்லையும் உண்டு: ஆணி பாதி வளைந்து துளைக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் கடலில் வைத்து அதைத் தட்டி எடுக்க முடியாது. இன்ஜினுக்குரிய பின்களையே சிலவற்றை வாங்கி, மாற்று ஸ்பிளிட் பின்களோடும் குறடோடும் ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். அடிக்கடி அறுகின்றதென்றால் புரொப்பெல்லர் தரையைத் தொடும் ஆழத்தில் இருக்கின்றது என்பதே காரணம். ஆழம் குறைந்த இடத்தில் ஓட்டுவதற்கான சாய்வு நிலை உங்கள் இன்ஜினில் இருந்தால் அதைப் பயன்படுத்தி மெதுவாகச் செல்லுங்கள், இல்லையென்றால் அவ்விடத்தில் கழிதான் நல்லது.

---

தூத்துக்குடி_நாட்டுப்படகு எழுதியது:

எங்கள் படகிலும் இன்ஜின் இதேபோலச் சீறுகிறது. இந்த இழையைப் படித்துவிட்டுக் கோடு போட்டுப் பார்த்தோம். கோடு அசையவே இல்லை. திரும்பும்போதும், ஆட்கள் அணியத்துப் பக்கம் (படகின் முன்பக்கம்) போய் வலை இழுக்கும்போதும் மட்டுமே வருகிறது. பின்பலகை உளுத்துப்போனதால் புதிய பலகை வைத்துக் கட்டிய பிறகுதான் இது தொடங்கியது.

---

கலவடிவ_மாணவன் எழுதியது:

கப்பல் கட்டுமானம் படிக்கும் மாணவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல முயல்கிறேன். உங்கள் படகில் புரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரைவிடக் காற்றைத் தள்ளுவதற்கு மிகக் குறைந்த விசை போதும் என்பதால் இன்ஜின் சுமை இழந்து சீறுகிறது. புரொப்பெல்லருக்கு மேலே கியர் பெட்டியோடு சேர்ந்த அகலமான தட்டு ஒன்று இருக்கிறதல்லவா, அது காற்று கீழே இறங்காமல் தடுப்பதற்காக இருப்பது. பொதுவாக அந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, அதிலிருந்து 25 மில்லிமீட்டர் வரை கீழேயோ இருக்க வேண்டும். புதிய பலகை பழையதைவிட உயரமாக அமைந்திருந்தால் தட்டு அடிமட்டத்துக்கு மேலே போயிருக்கும். படகைக் கரையில் ஏற்றி, அடிமட்டத்தில் ஒரு நேர்க்கட்டையை வைத்துப் பின்னோக்கி நீட்டி அளந்து பாருங்கள். பலகையின் உயரத்தையும் அளக்கலாம்: குட்டைத்தண்டு இன்ஜினுக்கு ஏறத்தாழ 15 அங்குலம், நீள்தண்டுக்கு ஏறத்தாழ 20 அங்குலம் என்பது வழக்கம். புரொப்பெல்லருக்கு நேர் முன்னால் அடிமட்டத்தில் கட்டை, ஆணித்தலை, உடைந்த ஃபைபர் எதுவும் நீட்டிக்கொண்டிருந்தாலும் அங்கிருந்து காற்றுக்குமிழிகள் கிளம்பி நேராக இதழ்களுக்குள் போகும்.

காற்றை உறிஞ்சுவதோடு இன்னொன்றைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இதழின் முன்பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறையும்போது, கடல்நீரின் சாதாரண வெப்பத்திலேயே தண்ணீர் ஆவியாகிக் குமிழ்களாக எழும். அந்தக் குமிழ்கள் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் நொறுங்கி, உலோகத்தைச் சிறிது சிறிதாகப் பெயர்க்கும். இதன் அடையாளம் இதழில் அம்மைத் தழும்பு விழுந்த இடங்கள். முன்விளிம்பில் ஒரு பிசிறோ வெட்டோ இருந்தால், அதற்கு நேர் பின்னால்தான் பெரும்பாலும் தழும்பு தொடங்கும். ஆகவே பிசிறுகளை அரத்தால் சீர்செய்வது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 9 1/4 x 9 என்பதில் முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். வழுக்கலே இல்லாத ஒரு பொருளுக்குள் திருகினால் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் 9 அங்குலம் முன்னேறும். யமஹாவின் 9.9, 15 குதிரைசக்தி இரண்டு ஸ்ட்ரோக் மாடல்களில் கியரின் பல் எண்ணிக்கை 13க்கு 27, அதாவது விகிதம் 2.08. இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால் புரொப்பெல்லர் ஏறத்தாழ 2400 சுற்று ஓடும்; 9 அங்குலப் பிட்ச்சில் அது மணிக்கு 33 கிலோமீட்டர். லேசான படகு 24 கிலோமீட்டரில் போனால் வழுக்கல், அதாவது கணக்கிட்ட வேகத்தைவிட உண்மை வேகம் குறையும் அளவு, 27 சதவீதம். வலையும் ஐஸும் ஏற்றிய கனமான ஃபைபர் படகு 15 கிலோமீட்டரில் போனால் வழுக்கல் 50 சதவீதத்தைத் தாண்டும், அந்தப் படகுக்கு அது கோளாறு அல்ல. புரொப்பெல்லர் நன்றாக இருக்கும்போதே கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தையும், டேக்கோமீட்டர் காட்டும் சுற்றையும் எழுதி வைத்தால், பின்னால் எது மாறியது என்பது கேள்விக்கு இடமில்லாமல் தெரியும்.

---

தூத்துக்குடி_நாட்டுப்படகு எழுதியது:

அளந்து பார்த்தோம். தட்டு அடிமட்டத்தைவிட இரண்டு விரல் உயரத்தில் இருக்கிறது. பலகையின் மேல்விளிம்பை வெட்டி இறக்கப் போகிறோம். நன்றி தம்பி.

---

பாக்விரிகுடா_ஃபைபர் எழுதியது:

வேலை எப்படிப் போனது என்பதை, பின்னால் இதைப் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய். தண்ணீர் உள்ளே வரும் வழி சீல் மட்டும்தானா என்று உறுதி செய்ய, இரண்டு எண்ணெய்த் திருகாணிகளின் கேஸ்கெட் வளையங்களைப் பார்த்தோம். அவை நசுங்கியிருந்ததால் அவற்றையும் மாற்றினோம். பிறகு பட்டறையில் தண்டின் மூடியைக் கழற்றி இரண்டு சீல்களையும் எடுத்தபோது, வெளிச்சீலின் உதட்டில் தங்கூசி அறுத்த தடம் தெளிவாகத் தெரிந்தது. சீலின் உதடு உரசும் இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று மெக்கானிக் நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் மாட்டவில்லை. பள்ளம் இருந்திருந்தால் புதிய சீலும் ஒழுகியிருக்கும் என்றார். கியர் பற்களிலும் பேரிங்கிலும் துரு இல்லை.

பூட்டிய பிறகு எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால், கியர் பெட்டியைத் தண்ணீரில் மூழ்கவைத்து, மேல்திருகாணித் துளையின் வழியே கைப்பம்பால் காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். தாண்டினால் நல்ல சீலே பிதுங்கிவிடும் என்றார்கள். குமிழி எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு 90 எண் கியர் எண்ணெயைக் கீழ்த்துளை வழியே மேல்துளையில் வழியும் வரை ஏற்றினார்கள். ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் பிடித்தது. மேல்திருகாணியை முதலில் மூடிவிட்டுத்தான் கீழே குழாயை எடுத்தார்கள், இல்லையென்றால் எண்ணெய் கீழே ஓடிவிடும்.

புஷ்ஷைப் பிரஸ்ஸில் மாற்றி ஒரு நாள் காயவிட்டோம். இப்போது ஓட்டிப் பார்த்ததில் நழுவல் அறவே இல்லை. ஆனால் கடன் வாங்கிய டேக்கோமீட்டரில், வலை ஏற்றிய படகில் முழுத் திருகலிலும் 4300 சுற்றுக்கு மேல் போகவில்லை. வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர். வளைந்த இதழ் நுனியையும் இன்னும் நேராக்கவில்லை, கைப்பிடியில் இலேசான அதிர்வு இருக்கிறது. இந்த இரண்டையும் பற்றிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நாகை_பட்டறை எழுதியது:

நல்ல பட்டறையில் கொடுத்திருக்கிறீர்கள். அதிர்வை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதழ் சரியாகாமல் சுற்றின் கணக்கைப் பேச முடியாது.

பிளக் மூடிகளைக் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, தட்டின் மேல் ஒரு குச்சியைக் கட்டி அதன் முனை ஓர் இதழின் நுனியைத் தொடுமாறு நிறுத்துங்கள். புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால், மற்ற இதழ்களின் நுனி அந்த முனையிலிருந்து எவ்வளவு முன்பின்னாகக் கடக்கிறது என்பது தெரியும். ஒரு நுனி மட்டும் விலகினால் இதழ் வளைந்திருக்கிறது. புரொப்பெல்லரை எடுத்துவிட்டுத் தண்டின் முனையையும் இதேபோல் சோதியுங்கள். தண்டே தள்ளாடினால் இதழை நேராக்கிப் பயனில்லை, தண்டை மாற்ற வேண்டும். இடி வாங்கிய இன்ஜினில் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

வளைந்த நுனியைத் தட்டுவதற்கு முன்னால் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இதழின் அடிப்பகுதியைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவினால், விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் வெளியே கசிந்து மெல்லிய கோடாகக் காட்டும். இதழ் மையத்தோடு சேரும் வேர்ப்பகுதியில் அப்படிக் கோடு தெரிந்தால் அந்தப் புரொப்பெல்லரைத் தூக்கிப்போடுங்கள். வெல்டிங் செய்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் வேர்ப்பகுதியில் நான் அதை நம்பமாட்டேன். நுனியில் சிறு துண்டு உடைந்திருந்தால், ஆர்கான் வெல்டிங்கில் உலோகம் ஏற்றி, மற்ற இதழின் அட்டை வார்ப்பை வைத்து அரத்தால் வடிவெடுப்பது நடக்கக்கூடிய வேலைதான்.

வார்ப்பு அலுமினியம் குளிர்ந்த நிலையில் அதிகம் வளைக்கப் பொறுக்காது. மிகச் சிறிய வளைவை மட்டும் மரக்கட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டலாம். அதற்கு மேற்பட்டதென்றால் சூடாக்க வேண்டும். அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும் என்பதால், கண்ணால் பார்த்துச் சூட்டைக் கணிக்க முடியாது. பழைய பட்டறைக்காரர்கள் அந்த இடத்தில் சலவைச் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடு காட்டுவார்கள். சோப்பு கருகிக் கறுத்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் உங்கள் புரொப்பெல்லரில் இப்போது புதிய ரப்பர் இருக்கிறது. சூடு மையத்துக்கு ஏறினால் அது வீணாகிவிடும். ஆகவே உங்கள் நுனி வளைவு சிறியது என்றால் குளிர்ந்த நிலையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மசியாவிட்டால் நுனியை மட்டும் வளைவு போகும் அளவுக்கு அரத்தால் குறைத்து, மற்ற இரண்டையும் அதே அளவுக்குக் குறைத்துவிடுங்கள். மூன்று இதழும் சமமாக இருப்பதுதான் முக்கியம். கடைசியில் நேரான ஒரு கம்பியில் புரொப்பெல்லரை மையமாக மாட்டி, இரண்டு மட்டமான விளிம்புகளின் மேல் உருளவிடுங்கள். எப்போதும் ஒரே இதழ் கீழே வந்து நின்றால், அந்த இதழின் தட்டையான முகத்தில் கொஞ்சம் தேய்க்க வேண்டும். விளிம்பில் கை வைக்க வேண்டாம்.

இனிச் சுற்று. இந்த வகை இன்ஜினுக்கு முழுத் திருகலில் 4500 முதல் 5500 வரை என்று கையேட்டில் குறித்திருக்கிறார்கள். 4300 என்பது அதற்குக் கீழே. இன்ஜின் சுமை தாங்காமல் திணறுகிறது என்று பொருள். இப்படியே நெடுநாள் ஓட்டினால் கரி படிந்து பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் பொதுவாக 150 முதல் 200 சுற்று வரை ஏறும். எனவே அடுத்த புரொப்பெல்லர் வாங்கும்போது 9 1/4 x 8 வாங்குங்கள். அதனால் வேகம் குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். கனமான படகில் இன்ஜின் தன் சக்தியைக் கொடுக்கும் இடத்துக்கு ஏறிவிட்டால், இழுவை கூடத்தான் செய்யும். இப்போதுள்ள 9 அங்குலத்தை மாற்றுப் புரொப்பெல்லராகப் படகில் வையுங்கள்.

---

பாக்விரிகுடா_ஃபைபர் எழுதியது:

தண்டு நேராக இருக்கிறது. மண்ணெண்ணெய்ச் சோதனையில் கோடு எதுவும் வரவில்லை. நுனியைத் தட்டியதில் மசிந்துவிட்டது, அதிர்வும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. 8 அங்குலத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

---

மன்னார்க்கரை எழுதியது:

ஸ்ப்ளைன் பற்கள் முழுதும் உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் கிரீஸைப் பூசுங்கள். அது இல்லையென்றால் அடுத்த முறை புரொப்பெல்லர் தண்டோடு ஒட்டிக்கொண்டு கழறாது. வளையத்தின் சரிவான பக்கம் சரியான திசையில் இருக்கின்றதா என்று பாருங்கள். நட்டை முறுக்கும்போது தட்டுக்கும் இதழுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையை வைத்தால் புரொப்பெல்லர் சுற்றாது, கையும் பிழைக்கும். இறுக்கம் ஏறத்தாழ 17 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால், நட்டை இன்னும் சற்று இறுக்கி நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. பழைய பின்னை மறுபடி போட வேண்டாம்.

---

நாகை_பட்டறை எழுதியது:

அதோடு, 8 அங்குலப் புரொப்பெல்லர் வந்ததும் அதைப் பூட்டுவதற்கு முன்னாலேயே நடுக்குழாயிலிருந்து வெளி உடல் வரை பெயின்ட் கோட்டைப் போட்டுவிடுங்கள். புதிய சீல் போட்டிருப்பதால் 10 மணி நேரம் ஓடிய பிறகு எண்ணெயைச் சில துளி எடுத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தங்கூசி வலை தொழில் நடக்கும் பருவத்தில் மட்டும் வாரம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றி வளையத்துக்குப் பின்னால் பாருங்கள்.